அடகு வைக்க முடியாத பரிசு

போன வாரம் பையன் கோயமுத்தூர்ல இருந்து போன் பண்ணுனான். "அப்பா, இந்தக் கார்த்திகையோட உங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகி முப்பது வருசம். அம்மாளுக்கு ஒரு செயின் எடுத்துட்டு வரட்டுமா? நீங்க குடுத்த மாதிரியே குடுத்துருங்க, நான் சொல்ல மாட்டேன்"னான். பவுன் விக்கற வெலையில அவன் அப்படிக் கேட்டது பெரிய மனசுதான். ஆனா நான் வேண்டாம்னுட்டேன்.

அப்பன் கஞ்சன்னு நெனச்சிருப்பான். மருமகப் பொண்ணும் பக்கத்துல இருந்து கேட்டிருக்கும். போன்ல இதையெல்லாம் விளக்கிச் சொல்ல வரலீங்க. அதனாலதான் இங்க எழுதறேன். படிக்கறவங்கள்ல பாதிப் பேர் டவுன்ல இருக்கறவங்க, உங்களுக்கும் இதுல ஒரு சேதி இருக்கும்னு நெனைக்கறேன்.

மொதல்ல ஒண்ணு. கல்யாண நாள் கொண்டாடறதெல்லாம் எங்க பக்கம் பழக்கமே கெடையாதுங்க. எங்கம்மாவை உனக்கு எப்ப கல்யாணம் ஆச்சுன்னு கேட்டா, "பவானிசாகர் அணை கட்டி முடிச்சு ரெண்டாவது வருசம், கடலை புடுங்கி முடிஞ்சப்புறம்"னு சொல்லும். அணை கட்டி முடிச்சது 1955. அப்போ 57-ஆ இருக்கோணும். தேதியும் கெழமையும் அதுக்குத் தெரியாது. தெரிஞ்சு என்ன பண்ணப்போகுது? அன்னிக்கும் விடியக்காலம் சாணி வழிக்கோணும்.

நாங்களும் மொத பத்து வருசம் அப்படித்தான் இருந்தோம். மக ஸ்கூல்ல படிக்கறப்போ டிரங்குப் பொட்டியைக் கொடஞ்சு எங்க பத்திரிகையை எடுத்துட்டா. "இன்னிக்குத்தானேப்பா உங்க கல்யாண நாளு! அம்மாளுக்கு என்ன வாங்கிக் குடுத்தீங்க?"ன்னு கேட்டா. அன்னிக்கு வியாழக்கெழமை. நான் அப்பத்தான் புளியம்பட்டி சந்தையில இருந்து வந்து வண்டியை நிறுத்துறேன். பையில ஒரு பன்னருவாள் இருந்துச்சு. சட்டுனு அதை எடுத்து, "இதாயா, உங்கம்மாளுக்குத்தான்"னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சோம். எங்கூட்டு அம்மணியும் சிரிச்சுது.

அப்புறம் அதுவே பழக்கமாப் போச்சுங்க. ஒவ்வொரு கார்த்திகைக்கும் சந்தையில ஏதாச்சும் ஒண்ணு வாங்கிட்டு வந்து குடுத்துருவேன். ஒரு வருசம் களைக்கொத்து. ஒரு வருசம் முறம். ஒரு வருசம் நல்ல கெட்டியான பிளாஸ்டிக் குடம் ரெண்டு. ஒரு வருசம் பால் கறக்கற சொம்பு. நானும் ஒரு வருசம் தவறாம வாங்கித் தர்றவன்னு பெருமை வேற. அஞ்சாறு வருசம் கழிச்சு ஒரு நாள், புது அருவாளை வாங்கி விரல்ல பதம் பார்த்துட்டே கேட்டுச்சு: "இது எனக்குங்களா, காட்டுக்குங்களா?"

கோவமா கேக்கல. வெளக்கு பொருத்தட்டுமாங்கற மாதிரிதான் கேட்டுச்சு. எனக்குப் பதில் வரல.

அன்னைக்கு ராத்திரி படுத்துட்டு யோசிச்சுப் பார்த்தேன். எங்கூட்டுல அதுக்குன்னு வாங்குன சாமான் என்ன இருக்குது? மிக்சி வாங்குனோம், அது சட்னிக்கு. கிரைண்டர் வாங்குனோம், அது எல்லாத்துக்கும் இட்லிக்கு. சேலை எடுக்கறோம், அது எவங்கூட்டுக் கல்யாணத்துக்கோ நாம கௌரவமா போறதுக்கு. செருப்பு ஒண்ணுதான் அதுக்கே அதுக்குன்னு சொல்லலாம், அதையும் வரப்புக்கு வெளிய கழட்டி வெச்சுட்டுத்தான் காட்டுக்குள்ள எறங்குது. வாங்கிக் குடுக்கற எதுவும் ரெண்டு நாள்ல வேலையா மாறி அது மேலயே வந்து விழுகுது.

டவுன்ல இருக்கறவங்க சிரிக்க வேண்டாமுங்க. கல்யாண நாளுக்குப் பொண்டாட்டிக்கு வாஷிங் மிஷின் வாங்கிக் குடுத்துட்டு அது கூட நின்னு போட்டோ எடுத்துப் போடறவங்களையும் பார்த்துட்டுத்தான் இருக்கறேன்.

அப்போ நகை வாங்கித் தந்தா சரியாப் போச்சேன்னு உங்களுக்குத் தோணும். எனக்கும் தோணுச்சு. 2010-ல மஞ்சள் வெலை குவிண்டாலுக்குப் பதினஞ்சாயிரத்தைத் தாண்டிப் போச்சுது. ஈரோட்டு மார்க்கெட்ல எங்க மாதிரி ஆளுக கையில அவ்வளவு பணம் அதுக்கு முந்தி நின்னதில்ல. எனக்கு ஒரு ஏக்கரா மஞ்சள் இருந்துச்சு. 2003 வறட்சியில போர் போடறதுக்காக அவங்கப்பா போட்ட பத்துப் பவுனை பேங்க்ல வெச்சிருந்தேன். வருசா வருசம் வட்டி கட்டித் திருப்பித் திருப்பி வெச்சிட்டிருந்ததை மொத்தமா மீட்டுட்டு, மிச்சக் காசுல ரெண்டு பவுன்ல ஒரு செயின் எடுத்தேன். அந்தக் கார்த்திகைக்குக் கழுத்துல போட்டு விட்டேன். பதினாறு வருசத்துல மொதத் தடவையா எங்கம்மா பார்க்க நான் வெக்கப்பட்டதும் அன்னைக்குத்தான்.

ரெண்டே வருசத்துல மஞ்சள் வெலை நாலாயிரம் பக்கம் வந்து நின்னுச்சு. வெதை மஞ்சளுக்கும் வெட்டுக் கூலிக்கும் போட்ட காசு கூட வரல. செயின் பேங்குக்குப் போச்சு. அது கூடவே பழைய நகையும் போச்சு.

விவசாய நகைக்கடன்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். எங்களுக்குப் பொம்பளைங்க கழுத்துதான் பேங்க். வெதை வாங்க, உரம் வாங்க, ஆளுக்குக் கூலி குடுக்க, மோட்டார் காயில் கட்ட, எல்லாத்துக்கும் கை அங்கதான் போகும். அறுப்பு ஆனா மீட்கோணும். அறுப்பு சரியா வரலீன்னா வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வெக்கோணும். எங்கூருல பாதி நகை வருசத்துல பதினோரு மாசம் பேங்க் லாக்கர்லதான் இருக்குது. கல்யாணம், காதுகுத்துன்னா ஒரு நாளைக்கு வெளிய வந்துட்டுத் திரும்பவும் போயிரும். நகை கழட்டறப்போ பொம்பளைங்க மூஞ்சியைப் பார்க்காம கூரையைப் பார்க்கற பழக்கம் ஒவ்வொரு குடியானவனுக்கும் உண்டுங்க. அதை யாரும் சொல்லித் தரல.

அப்புறம் 2016. அந்த வருசம் வடகெழக்குப் பருவமழை பொய்ச்சது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், டவுன்லயும் லாரித் தண்ணிக்கு நின்னீங்க. எங்க கெணத்துல பாறை தெரிஞ்சுது. வட்டி கட்ட முடியல. அடுத்த வருசம் ஏல நோட்டீஸ் வந்துச்சு. ரெண்டு மாட்டை வித்தும் எல்லாத்தையும் மீட்கற அளவுக்குப் பணம் சேரல. பாதியை மீட்கலாம், பாதியை விடோணும். எதை மீட்கறதுன்னு அதுகிட்டயே கேட்டேன். அடுப்பு முன்னால உக்காந்துட்டே சொல்லுச்சு: "எங்கப்பா போட்டதை எடுத்துக் குடுத்துருங்க. நீங்க போட்டது போனாப் போவுது."

செயின் ஏலத்துல போச்சுங்க. 2021-ல கூட்டுறவுச் சங்கத்துல அஞ்சு பவுன் வரைக்கும் நகைக்கடன் தள்ளுபடி பண்ணுனப்போ ஊரே சந்தோசப்பட்டுச்சு. நம்முது நாலு வருசம் முந்தியே போயிருச்சு, அதுவும் போனது வேற பேங்க்ல. அது போகட்டும். ஆனா "நீங்க போட்டது போனாப் போவுது"ன்னு சொன்னதை மட்டும் இன்னைக்கு வரைக்கும் எந்தப் பக்கம் எடுத்துக்கறதுன்னு எனக்குத் தெரியல. என் மேல இருக்கற பிரியத்துல சொல்லுச்சா, இல்ல அது என்னைக்குமே எனதா இருந்ததில்லையேங்கற நெனப்புல சொல்லுச்சா? கேக்கற தைரியமும் இல்ல.

பையன் செயின்னு சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்தது அதுதான். இப்போ ஒரு பவுன் வாங்கி அது கழுத்துல போட்டா, அடுத்த ஆடியில வெதைக்குக் காசு பத்தலீன்னா என் கண்ணு எங்க போகும்னு எனக்கே தெரியும். அது பரிசு இல்லீங்க, நான் அது கழுத்துல போட்டு வெக்கற முதல்.

சந்தைக்கு வர்றேன். ஏலத்துக்கு முந்தின கார்த்திகை. ஐந்நூறு, ஆயிரம் ரூபா நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சு ஒம்பது நாள் கழிச்சு வந்த வியாழக்கெழமை. புளியம்பட்டி சந்தையை நீங்க நல்லா நடக்கற நாள்ல பார்க்கோணும். பொதங்கெழமையே மாட்டு வண்டியும் லாரியும் வந்து எறங்கும். திம்பம் மலைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்துல இருந்து ஆளுக வருவாங்க, கேரளா யாவாரிக வருவாங்க. தரகர் துண்டைப் போட்டு அதுக்குள்ள வெரலைப் புடிச்சு வெலை பேசறதை இன்னும் அங்க பார்க்கலாம். கயித்துக் கடை, சலங்கைக் கடை, வெல்லம், கருப்பட்டி, கருவாடு, கோழி, தக்காளிக் கூறு, பொரி மூட்டைன்னு கால் வெக்க எடம் இருக்காது. அந்த வியாழக்கெழமை எல்லாம் இருந்துச்சு, சத்தம் மட்டும் இல்ல. வாங்கறவன்கிட்ட செல்லுற காசு இல்ல. மாட்டைக் கொண்டு வந்தவங்க அப்படியே ஓட்டிட்டுத் திரும்பிப் போறாங்க.

என் சட்டைப் பையில ஒரே ஒரு புது ரெண்டாயிரம் ரூபா நோட்டு. அதுக்கு முந்தின நாள் லைன்ல நின்னு வாங்குனது. சந்தை முழுக்கச் சுத்துனாலும் அதுக்குச் சில்லரை குடுக்க ஒருத்தர்கிட்டயும் காசு இல்ல. வெறுங்கையோட திரும்பறப்போ, தெக்கால மூலையில சாக்கு விரிச்சு வளையல் வெச்சிருந்த ஒரு வயசான அம்மா கூப்புட்டாங்க. "வா சாமி, இன்னைக்குப் போணியே ஆகல. காசு அடுத்த வாரம் குடு. ஒரு டஜன் எடுத்துட்டுப் போ."

கண்ணாடி வளையல். நாப்பது ரூபா. எங்கூட்டுல அதைப் போட்டுப் பல வருசம் ஆச்சு, களை வெட்டறப்போ ஒடையும்னு கழட்டி வெச்சதோட சரி. நான் பச்சையில ஒரு டஜனைக் காட்டுனேன். அந்தம்மா கேட்டாங்க, "அளவென்ன? ரெண்டே நாலா, ரெண்டே ஆறா, ரெண்டே எட்டா?"

எனக்குத் தெரியல.

நானும் அதுவும் இருபத்திரெண்டு வருசம் ஒண்ணாப் பொழைச்சிருக்கோம். ஒரு மாட்டைத் தூரத்துல இருந்து பார்த்தே பல்லு எத்தனை, ஈத்து எத்தனைன்னு சொல்லிருவேன். அது கையை தெனமும் பார்க்கறேன், அந்தக் கையிலதான் சோறு வாங்கித் திங்கறேன். அளவு தெரியல. அந்தம்மா தன் கையை நீட்டி, "எங்கையாட்டம் இருக்குமா, இன்னும் கொஞ்சம் மெலுசா?"ன்னு கேக்கறாங்க. கல்யாணத்துல பார்த்த கைதான் என் ஞாபகத்துல இருந்துச்சு. நடுவால இருக்கட்டும்னு ரெண்டே ஆறு வாங்கிட்டுப் போனேன்.

போகல. மொழியிலயே நின்னுக்குச்சு. சோப்புப் போட்டுப் பார்த்துச்சு, எண்ணெய் போட்டுப் பார்த்துச்சு, ரெண்டு ஒடஞ்சுது. "கல்யாணத்தப்போ ரெண்டே நாலுங்க. இப்போ ரெண்டே எட்டு வேணும், வேலை செஞ்சு செஞ்சு கை பெருத்துப் போச்சு"ன்னுச்சு. நான் போய் மாத்திட்டு வர்றேன்னு சொன்னேன். "நானும் வர்றேனுங்க"ன்னுச்சு.

அடுத்த வியாழன் ரெண்டு பேரும் டி.வி.எஸ்.ல போனோம். அது அதுக்கு முந்தியும் சந்தைக்குப் போயிருக்குது, கோழி விக்க, முட்டை விக்க, தக்காளிக் கூடையோட. வேலை இல்லாம சும்மா போனது அன்னைக்குத்தான் மொதல். கடனைக் குடுத்தோம். அந்தம்மா ஒடஞ்ச ரெண்டுக்குக் காசு வாங்க மாட்டேன்னு சொல்லி, இது கையைத் தன் மடியில வெச்சு, பேச்சுக் குடுத்துட்டே ஒவ்வொண்ணா ஏத்தி விட்டாங்க. நான் எட்ட நின்னு பார்த்துட்டு இருந்தேன். அப்புறம் பொரி உருண்டை வாங்கிட்டு ஒரு மரத்தடியில உக்காந்து தின்னோம். மாட்டுக்காரன் ஒருத்தன் தரகரைத் திட்டிட்டு இருந்ததைக் கேட்டு ரெண்டு பேரும் சிரிச்சோம். வேற ஒண்ணும் நடக்கல.

அன்னைல இருந்து வருசா வருசம் கார்த்திகையில ஒரு வியாழன் எங்களுக்கு. நூறு ரூபாய்க்குள்ளன்னு ஒரு கணக்கு வெச்சிருந்தோம், இப்போ வெலைவாசிக்கு எரநூறா ஏத்தியாச்சு. அந்தக் காசுல அரப்புப்பொடி வாங்கலாமா, வெளக்குமாறு வாங்கலாமான்னு பேச்சு வந்தா அது செல்லாது. வளையல், தலைக்கு மாட்டற கிளிப்பு, ஒரு மொழம் சத்தியமங்கலம் மல்லி, ஒரு தடவை சும்மா அழகா இருக்குதுன்னு ஒரு மண் கிளி. அந்தக் கிளி இன்னும் டி.வி. மேல இருக்குது, தலை மட்டும் ஒட்ட வெச்சது. இதையெல்லாம் எந்த பேங்க்லயும் வெக்க முடியாது. வெச்சு எடுக்க முடியாதுங்கறதாலயே அது அதுக்கிட்டயே இருக்குது. நான் பையனுக்குச் சொல்ல நெனச்சது இவ்வளவுதான்.

இன்னொண்ணு. சந்தையில நான் பேரம் பேசறவன். ஒரு கெடாரிக்கு ரெண்டு மணி நேரம் பேசி ஐந்நூறு ரூபா கொறைச்சிருக்கேன். ஆனா வளையல் வாங்கறப்போ பேச மாட்டேன். பக்கத்துல நிக்கறவங்களுக்கு வாங்கறதை அவங்க கண்ணு முன்னாடியே நாப்பதுல இருந்து முப்பத்தஞ்சுக்குக் கொறைச்சா, கொறையறது வளையல் வெலை மட்டும் இல்லீங்க. பெரிய கடையில போட்ட வெலைக்குப் பேசாம குடுத்துட்டு வர்றீங்க, தள்ளுவண்டியில பூ விக்கற அம்மாகிட்ட அஞ்சு ரூபாய்க்கு நிக்கறீங்க. அது கூட இருக்கறவங்களுக்கும் தெரியும்.

இவ்வளவும் எழுதிட்டு ஒண்ணை மறைச்சா நல்லா இருக்காது. நான் சொன்ன சட்டத்தை அதுவே ஒடைச்சிருக்குது. 2019-ல, எங்களுக்கு மும்முனைக் கரண்டு ராத்திரி முறையில வந்துட்டு இருந்த சமயம். பன்னெண்டு மணி, ஒரு மணிக்கு எழுந்து போய்த் தண்ணி மாத்தோணும். அந்த ஐப்பசியில பக்கத்துத் தோட்டத்துக்காரரை வரப்புல கட்டுவிரியன் கடிச்சுது. பொழைச்சுக்கிட்டார், ஆனா ஊரே பயந்து கெடந்துச்சு. கார்த்திகை வியாழன் வந்துச்சு. சந்தைக்குப் போறப்போ ஒரு சேவலைக் கூடையில வெச்சுது. "இன்னைக்கு எதுக்குச் சேவல்?"னு கேட்டேன், பதில் சொல்லல. வித்துது. நேரா போய் ஒரு சார்ஜ் லைட்டு வாங்கி என் கையில குடுத்துச்சு. பெருசு, நூறு அடிக்கு வெளிச்சம் போகும். அது சிறுவாட்டுக் காசு. முட்டையிலயும் கோழியிலயும் சேர்த்து அரிசிப் பானைக்குள்ள வெக்கற காசு, அதுல நான் கை வெச்சதில்ல.

அருவாள் வேலைக்கு வாங்குனதுன்னா, லைட்டும் வேலைக்குத்தானே வாங்குனது? சட்டப்படி பார்த்தா அது செல்லாது. ஆனா அன்னைக்கு ராத்திரி வாய்க்கா மேல அதை அடிச்சுட்டுப் போறப்போ, நான் குடுத்த பன்னருவாளும் அது குடுத்த லைட்டும் ஒண்ணில்லைன்னு மட்டும் தெரிஞ்சுது. நான் களை நெறைய இருக்குதேன்னு வாங்குனேன். அது நான் திரும்பி வரோணும்னு வாங்குச்சு. இதை எந்தக் கணக்குல சேர்க்கறதுன்னு நீங்களே பார்த்துக்குங்க.

சந்தை இல்லாத ஊர்ல இருக்கறவங்க எங்க போறதுன்னு கேக்கலாம். உங்க தெருமுனையிலயும் சாக்கு விரிச்சு யாராச்சும் உக்காந்திருப்பாங்க. போன்ல அழுத்தி வீட்டுக்கு வர வெக்கறதுல எனக்கு ஒண்ணும் விரோதம் இல்ல, பம்புக்கு வால்வு நானே அப்படித்தான் வாங்குனேன். ஆனா அதுல எல்லாரும் வாங்கற சாமானை மொதல்ல காட்டுது. சந்தையில நீங்க நின்னு முழிக்கோணும். அளவு தெரியலீன்னு மாட்டிக்கோணும்.

நேத்து பையன் மறுபடியும் போன் பண்ணுனான். செயின் வேண்டாம், ஆனா அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் சாப்பாட்டுக்கு வாங்கன்னு சொன்னேன். சரின்னான். வைக்கறதுக்கு முன்னாடி சும்மா கேட்டேன்: "ஏஞ்சாமி, உம்பொண்டாட்டிக்கு வளையல் அளவு என்ன?"

லைன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் தூரத்துல, "ஏய், உனக்கு வளையல் சைஸ் என்ன?"ன்னு கேக்கறது கேட்டுச்சு.

வர்ற வியாழன் நாங்க போறோமுங்க. மழை மட்டும் காலையில வராம இருக்கோணும். மழை வந்தா மாட்டுச் சந்தைப் பக்கம் மொழங்கால் சேறு, டி.வி.எஸ். ஏறாது. வளையல் அம்மா இப்போ வர்றதில்ல, அவங்க மக வர்றாங்க. அதே மூலைதான்.